கொழுக்கட்டை கொடுத்தாச்சு என்று வானொலி சொன்ன நாள்

என் மகள் முதன்முதலில் நடந்தது எந்த நாள்?

பெற்றவளுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவள் குப்புற விழுந்த நாள், முதல் பல் தெரிந்த நாள், ‘த்தா’ என்று சொன்ன நாள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். பல்லுக்கு மட்டும் இரண்டு தேதிகள் இருக்கும். முதல் நாள் பார்த்தது பல்தானா, சோற்றுப் பருக்கையா என்று பிறகு சந்தேகம் வந்துவிட்டது. நடந்த நாளுக்காக விட்டுவைத்த வரி மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது.

இது இந்த வருஷக் கோடையில், கார்கில் சண்டை நடந்தபோது ஆரம்பித்தது. என் கணவர் ராணுவத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருக்கிறார். பொங்கல் லீவு முடிந்து அவர் திரும்பியபோது பாப்பாவுக்குப் பத்து மாதம். மற்ற குழந்தைகளைப் போல அவள் தவழவில்லை. உட்கார்ந்தபடியே ஒரு காலை மடக்கி, இன்னொரு காலால் துடுப்புப் போட்டு, தரையைத் தேய்த்துக்கொண்டே போவாள். நல்ல வேகம். பாலைப் பொங்கவிட்டு ஓடிவந்து பிடிக்கும்படி எத்தனையோ முறை என்னை ஆக்கியிருக்கிறாள். “அடுத்த தபா நான் வரும்போது கேட்டாண்ட வந்து நின்னு கூப்டணும், இன்னா?” என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் அவர் பெட்டியைத் தூக்கினார்.

சண்டை தொடங்கியபின் கடிதங்கள் மூன்று வந்தன. மூன்றிலும் சாப்பாடு பரவாயில்லை, குளிர் பரவாயில்லை, பாப்பா நடக்கிறாளா என்ற மூன்றே விஷயங்கள். நான் முதல் கடிதத்துக்கு ‘இன்னும் இல்லை’ என்று எழுதினேன். இரண்டாவதற்கு ‘சீக்கிரம் நடப்பாள்’ என்று எழுதினேன். மூன்றாவதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், எங்கள் பருத்திப்பட்டு ஏரியில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகு, கேட்டதற்குப் பதில் இல்லையே, குழந்தைக்கு ஏதோ என்று அவர் பயந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் பயந்தேன். டாக்டரம்மா காலைத் தட்டிப் பார்த்து, “ஒண்ணும் இல்லை, அவளுக்குத் தோணும்போது நடப்பா” என்று சொல்லியிருந்தார். அதை எழுதலாம்தான். ஆனால் டாக்டரிடம் போனோம் என்பதே அவருக்குக் கலவரமாகிவிடுமே.

அப்போதுதான் வானொலியிலிருந்து பக்கத்து ஆவடிக்கு ஆட்கள் வருகிறார்கள் என்ற செய்தி வந்தது. எல்லையில் இருப்பவர்களின் குடும்பங்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பாட்டு, நாடகம், நகைச்சுவை எல்லாம் வைத்து, நடுநடுவே வீட்டுக்காரர்களின் குரலையும் ஒலிபரப்பப் போகிறார்கள். முன்கூட்டியே குரலைப் பதிவு செய்துகொள்வார்கள். அதே நிகழ்ச்சியை மலைமேல் இருப்பவர்களும் கேட்க ஏற்பாடு இருக்கிறது என்றார்கள். ஒரு குடும்பத்துக்கு அரை நிமிஷம்.

எங்கள் வீட்டிலிருந்து நானும் அண்ணியும் போனோம். அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. அம்பத்தூரில் ஏற்றுமதிச் சட்டைகளுக்குக் காலர் தைக்கிற வேலை. அவர் கணவர் லாரியோடு மாதத்தில் பாதி நாள் வடக்கே போய்விடுவதால் எங்களோடுதான் இருக்கிறார். நான் தபாலில் பி.ஏ. முடித்தவள் என்பது அண்ணிக்குத் தீராத தமாஷ். நான் எதையாவது யோசித்தால் போதும், “படிச்ச புள்ள பரீட்சை எழுதுது, யாரும் பேசாதீங்க” என்பார்.

கல்யாண மண்டபத்தில் வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். பேச வேண்டியதை நான் ஒரு தாளில் எழுதி, அடித்து, மறுபடி எழுதிக் கொண்டுபோயிருந்தேன். கையில் அட்டையோடு நின்ற வானொலி அம்மாள் அதை வாங்கிப் படித்தார்.

“இந்த டாக்டர் சமாச்சாரம் வேணாம்மா. அவங்க அங்க தனியா இருப்பாங்க. மனசு சங்கடப்படும். சந்தோஷமா ரெண்டு வார்த்தை பேசுங்க.”

“குழந்தை நடக்கிறாளான்னு கேட்டு எழுதியிருக்காரும்மா. அதுக்குப் பதில் சொல்லணுமே.”

“சொல்லுங்களேன். சந்தோஷமா சொல்லுங்க.”

அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது. அவர் பெயரை நான் சொல்வதில்லை என்பதால் அண்ணிதான் பெயரையும் ஊரையும் சொல்லி ஆரம்பித்தார். பிறகு என்னை இடித்தார். மைக்கைப் பார்த்ததும் எனக்குத் தாளில் இருந்த ஒரு வரியும் தெரியவில்லை. “நடக்கறான்னு சொல்லுமே, இன்னா போச்சு” என்று அண்ணி காதில் சொன்னது மட்டும் கேட்டது. “நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம். பாப்பா நடக்கிறா. நீங்க வந்து பாருங்க” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அண்ணி மைக்கை நோக்கிக் குனிந்து, “கொய்க்கட்டை சுட்டுத் தெரு முய்க்கக் குடுத்தாச்சுடா. நீ கவலப்படாத” என்று சேர்த்துவிட்டார்.

எங்கள் பக்கம் குழந்தை முதல் அடி வைத்தால் அன்றே கொழுக்கட்டை அவித்து அக்கம்பக்கம் கொடுப்பது வழக்கம். நடப்பதற்கு முன்னால் அவிக்கவே கூடாது. அவித்தால் கால் தங்கிவிடும், நடை வராது என்பார்கள். அண்ணியே அதை நம்புகிறவர்தான். வெளியே வந்ததும் நான் அழாத குறையாகக் கேட்டேன்.

“ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?”

“நடக்கறான்னு நீ சொன்ன. கொய்க்கட்டை இல்லாம நடந்தான்னா எந்தம்பி நம்புவானா?”

“பொய்யாச்சே அண்ணி.”

“பொய்யி இன்னா பொய்யி. ஞாயித்துக்கெயம வரிக்கும் பத்து நாளு கீது. அதுக்குள்ள நடக்க வெச்சிட்டா நெஜம்.”

பத்து நாட்கள் எங்கள் வீட்டில் நடந்ததை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. முதலில் மணல். தெருமுனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் குழி பறித்து, அவளை இடுப்பு வரை நிற்க வைத்தால் கால் வலுக்கும் என்றார் அண்ணி. நிற்க வைத்தோம். பாப்பா சந்தோஷமாக ஒரு கைப்பிடி மணலைச் சாப்பிட்டாள். பிறகு எதிர்வீட்டிலிருந்து நடைவண்டி வாங்கி வந்தோம். அவள் அதன் அடியில் போய்ப் படுத்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தாள். “அப்பன் புத்தி” என்றார் மாமா, என் மாமனார். திருவேற்காட்டு அம்மனுக்கு, பாப்பா தன் காலாலேயே கோயிலைச் சுற்றி வருவாள் என்று அண்ணி வேண்டிக்கொண்டார். வேண்டுதலிலும் நாம் இல்லாததைத்தானே சொல்கிறோம் என்று எனக்கு ஒரு கவலை கூடியது. ஒன்பதாம் நாள் வரை பாப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை ஆறு மணிக்கே மாமா ரேடியோவைத் துடைத்து ஏரிப்பக்க ஜன்னலில் வைத்துவிட்டார். அந்த ரேடியோ அவருடையது. தொழிற்சாலையில் ஓய்வு பெற்றபோது கிடைத்தது. அதன் முள்ளை வேறு யாரும் தொடக்கூடாது. ஒரு கம்பியை அதிலிருந்து இழுத்துத் துணிக்கொடியில் கட்டியிருந்தார்.

“இன்னிக்கு ஈரத்துணி ஒண்ணும் போடாதீங்க. ஸ்டேஷன் ஓடிடும்.”

“பாப்பா துணியெல்லாம் ஊறுது மாமா.”

“ஒரு நாளு ஊறட்டும்மா. எம்புள்ள அங்க பனியில ஊறலியா?”

எங்கள் முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பாட்டு, பிறகு மூன்று குடும்பங்கள், மறுபடி இரண்டு பாட்டு என்று போனது. நாங்களும் நகர முடியவில்லை. அண்ணி ரேடியோவுக்கு முன்னாலேயே முருங்கைக்கீரை ஆய்ந்தார். நான் அங்கேயே உட்கார்ந்து குழம்புக்குப் புளி கரைத்தேன். மாமாவுக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. அதனால் நகைச்சுவை நாடகம் வந்தபோது, ரேஷன் கடை வரிசையை ஒரு சிப்பாயின் அம்மா அணிவகுப்பு மாதிரி நிறுத்தி வைத்து மிரட்டுகிற இடத்தில், நாங்கள் சிரித்து முடித்த பிறகு அண்ணி அதைத் திரும்பச் சொல்ல, மாமா தனியாக ஒரு தடவை சிரிப்பார். அவர் சிரிப்பதைப் பார்த்துப் பாப்பா சிரிப்பாள். அதற்குள் அடுத்த தமாஷ் போய்விடும்.

மற்ற குடும்பங்கள் பேசியதைக் கேட்கக் கேட்க எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. எல்லார் வீட்டிலும் எல்லாமே நன்றாக இருந்தது. ஒரு அம்மாவின் முழங்கால் வலி போய்விட்டது. ஒருவர் வீட்டுக் கூரை மாற்றியாகிவிட்டது. ஒரு தங்கைக்கு நல்ல இடத்தில் வரன் பார்த்தாகிவிட்டது. ஒரு தகப்பனார் கிணற்றில் தண்ணீர் ததும்புகிறது என்றார், அந்தக் கோடையில். அந்த வானொலி அம்மாள் எத்தனை தாள்களை வாங்கிப் படித்தாரோ, எத்தனை அண்ணிகள் எத்தனை காதுகளில் சொன்னார்களோ.

ஒவ்வொரு பாட்டின்போதும் நான் பாப்பாவைச் சுவரோரம் நிற்க வைத்து, நான்கடி தள்ளி உட்கார்ந்து, பிஸ்கட்டைக் காட்டினேன். அவள் மெல்ல உட்கார்ந்து, தேய்த்துக்கொண்டு வந்து, வாயைத் திறந்தாள். மதியத்துக்குள் அரைப் பொட்டலம் தீர்ந்துவிட்டது.

“வயிறு நோவப்போவுது கொயந்தைக்கு” என்றார் மாமா. “நடக்கலன்னா இப்ப இன்னா? ரேடியோல வந்தா வந்துட்டுப் போவுது. யாரு கேக்கப்போறான்?”

“தெருவே கேக்கும் நைனா” என்றார் அண்ணி. “எல்லா ஊட்லயும் அதான் பாடுது.”

அதுதான் என் பயமும். தெரு முழுக்கக் கொழுக்கட்டை கொடுத்தாச்சு என்று தெரு முழுக்கக் கேட்கப் போகிறது. அதைவிடப் பெரிய பயம், அதை அவர் கேட்டு நம்பிவிடுவார் என்பது. கேட்காமல் போய்விட்டால் அதுவும் கவலை. இரண்டில் எதற்கு வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் பிற்பகல் முழுவதும் சும்மா சாமி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குமேல் ரேடியோவின் குரல் கம்மியது. மாமா மொட்டை மாடியில் வெயிலில் காயவைத்திருந்த பழைய பேட்டரிக் கட்டைகளை எடுத்துவந்து மாற்றினார். புதிதாக வாங்கலாமே என்றேன். “வெயில்ல வெச்சா புச்சு மாதிரிதாம்மா” என்றார். அண்ணி வாசலுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு உள்ளே வந்தார். சூடான கட்டைகள் பாட்டை இழுத்து இழுத்துப் பாட, நாங்கள் மூவரும் ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டோம். பாப்பா எங்களுக்குப் பின்னால் பாயில் இருந்தாள். இருந்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஐந்தரை தாண்டி, “அடுத்து பருத்திப்பட்டிலிருந்து” என்றது ரேடியோ.

அண்ணியின் குரல் அவர் பெயரைச் சொன்னது. மாமா ரேடியோவின் தலையில் லேசாகத் தட்டினார். பிறகு ஒரு பெண், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல, நாங்கள் நன்றாக இருக்கிறோம், பாப்பா நடக்கிறாள் என்றாள்.

“இது யாரு?” என்றார் மாமா.

“உங்க மருமக நைனா.”

“இத்தினி தெகிரியமா பேசுது.”

கொழுக்கட்டையும் வந்தது. நறுக்கென்று தெளிவாக வந்தது. அடுத்த குடும்பமும் பேசி முடித்தபோதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். பாய் காலியாக இருந்தது.

வாசலுக்கு ஓடினேன். பாப்பா முற்றத்தில், மாமாவின் சைக்கிள் சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள். வாசற்படி தாண்டி, நான்கைந்து அடி தள்ளி. அவளுக்குப் பக்கத்தில் எதிர்வீட்டுத் தையற்கடைக்காரரின் மனைவி, பின்னால் இன்னும் இரண்டு பேர். ஈத் பிரியாணி அந்த வீட்டிலிருந்து எங்களுக்குத் தவறாமல் வரும். எங்கள் வீட்டு விசேஷமும் அங்கே போகாமல் இருந்ததில்லை.

“இன்னாம்மா, தெரு முய்க்கக் குடுத்தீங்களாமே. எங்க ஊடு தெருவுல இல்லியா?” என்றார் அவர், சிரித்துக்கொண்டேதான்.

எனக்கு அந்தக் கேள்வி காதில் ஏறவில்லை. “நீங்க வரும்போது இவ நடந்து வந்தாளா?”

“நான் வரும்போது நின்னுகினு இருந்துச்சும்மா. இன்னா, இப்பத்தான் பாக்குற மாதிரி கேக்கறே? நடக்குதுன்னு நீதானே ரேடியோல சொன்னே.”

“நீங்க தூக்கி நிறுத்தலையே?”

“நான் ஏன் தூக்கப்போறேன்?”

தரையைப் பார்த்தேன். தண்ணீர் தெளித்த மண். பாதம் பதிந்திருந்தால் தெரிந்திருக்கும். தேய்த்துக்கொண்டு வந்திருந்தால் கோடு போட்டிருக்கும். ஆனால் மூன்று பெண்கள் செருப்போடு நடந்து, நானும் ஓடிவந்து, அதன் மேல் மிச்சம் எதுவும் இல்லை. பாப்பாவின் கவுனின் பின்பக்கம் ஈரமாக இருந்தது. பதினைந்து மாதக் குழந்தையின் கவுன் ஈரமாவதற்கு மண் ஒன்றுதான் காரணமா?

அதற்குள் அண்ணி வெளியே வந்து நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டார். “கொய்க்கட்டைதானே? இன்னிக்கி கீது. ரேடியோல வந்தப்புறம் குடுக்கலாம்னு நிறுத்தி வெச்சிருந்தோம். போயி தட்டு எடுத்தாங்க.” என்னைப் பார்த்து, “இன்னாமே நிக்கற? நடந்துட்டா. மாவு இறக்கு” என்றார்.

“நடந்ததைப் பார்த்தீங்களா அண்ணி?”

“படி தாண்டிக் கீறா. கால் இல்லாமயா தாண்டுனா?”

அவள் தினமும் தேய்த்துக்கொண்டே படி தாண்டுகிறவள் என்பது அண்ணிக்கும் தெரியும். மாமா வந்து பாப்பாவைத் தூக்கி உயரத்தில் வைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன். கவுனைக் கழற்றினேன், அந்த ஈரத்தைச் சரியாகப் பார்க்காமலே வாளியில் போட்டு அலசிவிட்டேன். ஏன் பார்க்கவில்லை என்று அன்றைக்கு என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு ஈடு அவித்தோம். தேங்காய் போதாமல் எதிர்வீட்டிலிருந்தே ஒரு மூடி வாங்கித் துருவி, அவர்களுக்கே கொழுக்கட்டையாகக் கொடுத்தோம். ரேடியோ அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. தெருவில் எல்லாரும் பாப்பாவை நடக்கச் சொன்னார்கள். அவள் மாமாவின் தோளைவிட்டு இறங்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது பாப்பா அடுப்படிச் சுவரை விட்டுவிட்டு என்னை நோக்கி வந்தாள். நடந்து வந்தாள். ஆறு அடி. ஐந்தா ஆறா என்று பிறகு சந்தேகம் வந்தது, இருந்தாலும் ஆறு என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். கையில் இருந்த தண்ணீரோடு அவளை வாரிக்கொண்டு அண்ணியைக் கூப்பிட்டேன். அண்ணி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, “அதான் அன்னிக்கே நடந்துச்சே” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். மாமாவும் அதையே சொன்னார். யாரும் மாவு இடிக்கவில்லை. நான் மட்டும் நோட்டை எடுத்தேன். எழுதலாம் என்று பேனாவைத் திறந்தபோது, ஒருவேளை அன்றைக்கே முற்றத்தில் யாரும் பார்க்காமல் நடந்திருந்தால் இந்தத் தேதி பொய்யாகிவிடுமே என்று தோன்றியது. மூடி வைத்துவிட்டேன்.

சண்டை முடிந்தபின் அவருடைய கடிதம் வந்தது. நான்கு பக்கம். அவர் அவ்வளவு நீளமாக எழுதியதே இல்லை. கூடாரத்தில் பத்துப் பதினைந்து பேர் ஒரு டிரான்சிஸ்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்களாம். அக்காவின் குரல் வந்ததும் இவர் எழுந்து நின்றுவிட்டாராம். பாப்பா நடக்கிறாள் என்று நான் சொன்னதை, தமிழ் தெரியாதவர்களுக்கு இந்தியில் சொன்னாராம். கொழுக்கட்டை என்றால் என்ன என்று கேட்டார்களாம். சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் ரவையை வறுத்துச் சர்க்கரை போட்டுக் கிளறிவிட்டாராம். ‘அன்னைக்கு ராத்திரிதான் பல நாளுக்கு அப்புறம் நல்லாத் தூங்கினேன்’ என்று எழுதியிருந்தார்.

கடைசிப் பக்கம் முழுவதும் கேள்விகள். எந்தக் காலை முதலில் வைத்தாள்? யாரிடம் வந்தாள்? எத்தனை அடி? விழுந்தாளா? அப்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? எல்லாவற்றையும் விவரமாக எழுது, தேதியும் எழுது, நான் இங்கே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. அண்ணியிடம் கேட்டேன். “வலது காலு, உங்கிட்ட வந்தா, ஏழடின்னு எழுது. அவன் இன்னா அளந்தா பாக்கப்போறான்?” என்கிறார். செவ்வாய்க்கிழமையைப் பற்றி எழுதினால், வானொலியில் கேட்டது பொய் என்றாகிவிடும். அவர் நிம்மதியாகத் தூங்கிய அந்த ராத்திரியை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டது போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமையை எழுதினால், எந்தக் காலை வைத்தாள் என்பதற்கு நான் கற்பனையாகத்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு பொய்யை அரை நிமிஷம் மைக்கில் சொன்னதற்கே இந்தப் பாடு. அதை என் கையெழுத்தில் நான்கு பக்கம் எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை. இரண்டையும் எழுதலாம் என்றால், முற்றத்தில் என்ன நடந்தது என்று எனக்கே தெரியாததை அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள். வெளியூரில் இருக்கும் கணவருக்குக் கடிதம் எழுதிப் பழகியவர்களும் இருப்பீர்கள். நீங்களாக இருந்தால் எந்த நாளை எழுதுவீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள். கார்த்திகையில் லீவில் வருவதாக எழுதியிருக்கிறார், அதற்குள் நான் பதில் போட வேண்டும்.